நண்டுக்கு ஏன் பத்துக் கால்? ஓர் எதிர்ப்பொருள் சொன்ன பதில்

பழவேற்காட்டில் விற்கும் சேற்று நண்டு கொடுக்குகள் கயிற்றால் இறுக்கப்பட்டுத்தான் கைக்கு வரும். அதனால் அதைத் திருப்பிப் பார்க்க அஞ்ச வேண்டியதில்லை. அப்படி ஒன்று கிடைத்தால் சமையலுக்கு முன் அதன் காலை எண்ணிப் பாருங்கள். முன்னால் கொடுக்கு ஒரு ஜோடி. பின்னால் கூர்முனையுள்ள நடைக்கால்கள் மூன்று ஜோடி. கடைசி ஜோடி தட்டையாக இருக்கும். நீந்துவதற்கு அதுதான் துடுப்பு. மொத்தம் பத்து. எண்ணிக்கை இதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் நண்டின் வாயருகே இரண்டு தட்டையான மூடிகள் தெரியும். கத்தி முனையால் அவற்றை மெல்ல விலக்கினால் உள்ளே இன்னொரு ஜோடி. அதையும் விலக்கினால் மற்றொரு ஜோடி. இந்த மூன்று ஜோடிகளும் கால்கள்தாம். நடப்பதை விட்டுவிட்டு, இரையைப் பிடித்து வாய்க்குத் தள்ளும் வேலைக்கு வந்துவிட்ட கால்கள். உயிரியல் பாடத்தில் இவற்றைத் தாடைக்கால்கள் என்பார்கள்.

நண்டின் மார்பில் எட்டுக் கண்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடிக் கால். முதல் மூன்று வாய்க்கு, அடுத்த ஐந்து நடைக்கும் கொடுக்குக்கும். வெள்ளை இறாலிலும் இதே கணக்கு. இறால் உரிக்கும்போது ஓட்டோடு கழித்துப்போடும் அந்த மெல்லிய கால்களில் ஐந்து ஜோடி நடைக்கால், அவற்றுக்கு முன்னால் மூன்று ஜோடி தாடைக்கால். இப்போது இறால் பொரிப்பகங்களில் குஞ்சுகளுக்கு உயிர்த்தீவனமாகப் போடும் ஆர்டீமியாவைப் பாருங்கள். அதுவும் ஓடுடைய கணுக்காலி இனந்தான். ஆனால் அதன் மார்பில் உள்ள பதினோரு ஜோடிக் கால்களும் ஏறக்குறைய ஒரே அச்சு. தாடைக்கால் என்று தனியாக ஒன்றும் கிடையாது.

ஆர்டீமியாவில் எல்லாக் காலும் ஒன்றுபோல் இருக்க, நண்டிலும் இறாலிலும் முதல் மூன்று மட்டும் ஏன் தடம் மாறின? இந்தக் கேள்விக்கு விடை தேடிய ஆய்வின் நடுவில் இருந்தது ஓர் எதிர்ப்பொருள். மருந்தாக அல்லாமல், ஒரு புரதம் கருவின் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் கருவியாக அது பயன்பட்டது.

ஓர் உயிரின் உடலில் உள்ள ஏறத்தாழ எல்லாச் செல்களிலும் ஒரே மரபணுத் தொகுப்புதான் இருக்கிறது. கொடுக்கின் செல்லிலும் கண்ணின் செல்லிலும் அதே டி.என்.ஏ. வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஓர் உவமை சொல்லலாம். பழவேற்காட்டு ஏரியின் தென்பகுதியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஊர்க்காரர்களிடையே ‘பாடு’ என்ற ஏற்பாடு தலைமுறைகளாக உண்டு. வலை எல்லோரிடமும் இருக்கிறது, தொழில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எந்த இடத்தில் யார் சுத்துவலை கட்டுவது என்பது முறைவைத்துத்தான். கருவுக்குள் அப்படி முறைவைப்பவை ஒரு வகைப் புரதங்கள். அவை செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, டி.என்.ஏ.யில் குறிப்பிட்ட இடங்களில் ஒட்டிக்கொண்டு, சில மரபணுக்களை இயக்கும், சிலவற்றை அடக்கும். உடலின் முன்பின் வரிசையை இப்படி நிர்ணயிக்கும் குடும்பத்துக்கு ஹாக்ஸ் என்று பெயர்.

இவற்றின் வலிமை முதலில் பழ ஈயில்தான் வெளிப்பட்டது. அமெரிக்காவின் கால்டெக்கில் எட்வர்ட் லூயிஸ் பல பத்தாண்டுகள் ஈக்களை இனக்கலப்புச் செய்து, அல்ட்ராபைதோராக்ஸ் என்ற மரபணுவின் பகுதிகள் பழுதானால் இரண்டு இறக்கை ஈக்கு நான்கு இறக்கை முளைக்கிறது என்று காட்டினார். சமநிலைக்காக ஈயின் முதுகில் இருக்கும் குமிழ்போன்ற சிற்றுறுப்பு இறக்கையாகவே மாறிவிட்டது. 1995இல் அவருக்கும் கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டுக்கும் எரிக் வீஷாஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டிலும் இதே மரபணுவை நெடுங்காலம் ஆராய்ந்தவர் எல். எஸ். சசிதரா. ஹைதராபாத்தின் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவனத்திலும் பின்னர் புனேயின் ஐசர் நிறுவனத்திலும் அவருடைய குழு, அந்தக் குமிழுறுப்பை அல்ட்ராபைதோராக்ஸ் எப்படி இறக்கையாகவிடாமல் தடுக்கிறது என்று துருவியது.

ஓர் உறுப்பின் இடத்தில் வேறோர் உறுப்பு முளைக்கும் விந்தையை மரபணு என்ற சொல்லே பிறக்காத காலத்தில் தொகுத்து வைத்தவர் இங்கிலாந்தின் வில்லியம் பேட்சன். 1894இல் வந்த அவருடைய பெரிய நூலில் நண்டு, இறால் இனங்களின் கோணல்கள் நிறைய. கண் இருக்க வேண்டிய காம்பில் உணர்கொம்பு முளைத்த கல் இறால் அவற்றுள் ஒன்று. வலையில் விழும் விகாரமான நண்டையோ இறாலையோ ‘ஊனம்’ என்று ஒதுக்கிவிடுகிறோம். பேட்சன் அவற்றைப் பொறுக்கி எடுத்து வரிசைப்படுத்தியதால்தான் இந்தத் துறையே தொடங்கியது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு.

சரி, அல்ட்ராபைதோராக்ஸ் புரதம் நண்டின் கருவில் எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நுண்ணோக்கியில் புரதம் தெரியாது. அதற்கு நிறமும் இல்லை. அதை மட்டும் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஒன்று வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் எதிர்ப்பொருள்.

எதிர்ப்பொருளை நமக்குத் தெரியும். கோவிட் காலத்தில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்த அட்டையில் கோடு விழுந்ததும், கர்ப்பச் சோதனைப் பட்டையில் கோடு விழுவதும் எதிர்ப்பொருளால்தான். உடலுக்குள் அந்நியமான ஒன்று நுழைந்தால், இரத்தத்தின் பி செல்கள் அதன் ஒரு சிறு பகுதியைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை உண்டாக்கும். ஆய்வாளர்கள் செய்வது இதைத் தங்களுக்கு வேண்டிய புரதத்தைக் கொண்டு தூண்டிவிடுவது மட்டுமே. பழ ஈயின் புரதத்தை பாக்டீரியாவில் தயாரித்து எலிக்கு ஊசி போடுவார்கள். எலியின் உடல் அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உண்டாக்கும். அந்த எலியின் மண்ணீரலிலிருந்து பி செல்களை எடுத்தால் வேலை முடிந்துவிடாது. அவை வெளியே சில நாள்களில் இறந்துபோகும். ஆகவே ஓயாமல் பெருகும் ஒரு புற்றுச்செல்லோடு அவற்றை இணைத்துவிடுவார்கள். இணைந்த செல் சாகாமல் பெருகிக்கொண்டே, ஒரே வகை எதிர்ப்பொருளைச் சுரந்துகொண்டே இருக்கும். 1975இல் கேம்பிரிட்ஜில் ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் கண்ட வழி இது. 1984இல் நீல்ஸ் ஜெர்னேவோடு சேர்த்து இருவருக்கும் நோபல் கிடைத்தது. இப்படி ஒரே செல்வழியில் வருவதை ஒற்றைக்குல எதிர்ப்பொருள் என்கிறோம். முயலின் இரத்தத்திலிருந்து நேரே எடுப்பது பல செல்வழிகளின் கலவை. அது பலகுல எதிர்ப்பொருள்.

நம் கதையின் எதிர்ப்பொருளுக்கு எஃப்பி 6.87 என்று பெயர். 1994இல் இங்கிலாந்தின் கெல்ஷ், வைன்ட்ஸியர்ல், வைட், ஏகம் ஆகியோர் அதைப் பற்றி எழுதினார்கள். ஈயின் புரதத்துக்காக உருவான அது வெட்டுக்கிளியின் கருவிலும் சரியாக ஒட்டியது. காரணம் எளிது. ஹாக்ஸ் புரதங்களில் டி.என்.ஏ.யைப் பிடிக்கும் பகுதி அறுபது அமினோ அமிலங்கள் கொண்டது. அந்தப் பகுதியும் அதை ஒட்டிய சில எழுத்துகளும் பலகோடி ஆண்டுகளாக அதிகம் மாறவில்லை. எஃப்பி 6.87 பற்றுவது அப்படி மாறாமல் நின்ற ஓர் இடத்தை. அந்த இடம் அல்ட்ராபைதோராக்ஸிலும் உண்டு, அதன் உடன்பிறப்பான அப்டாமினல்-ஏ என்ற புரதத்திலும் உண்டு. இரண்டையும் அது ஒருங்கே காட்டும். இது அது என்று பிரித்துச் சொல்லாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் அருகே நின்று பார்ப்போம். பெண் நண்டு முட்டைகளை வெளியே விட்டதும் வயிற்று மூடிக்கு அடியில் கொத்தாக ஒட்டவைத்துச் சுமக்கும். சேற்று நண்டின் ஒரு கொத்தில் முட்டைகள் லட்சக்கணக்கில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர். முதலில் கொத்து ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். உள்ளே கரு வளர்ந்து மஞ்சள்கரு கரையக் கரைய, குஞ்சின் கண்புள்ளிகள் கருக்கக் கருக்க, கொத்து பழுப்பாகிக் கடைசியில் கறுத்துவிடும். முட்டையிலிருந்து வெளியே வரும் சோயியா என்ற குஞ்சுக்கு நடைக்கால் இருக்காது. முதல் இரண்டு ஜோடித் தாடைக்கால்களைத் துடுப்பாக்கி நீந்தும். பின்னால் கொடுக்காகவும் காலாகவும் ஆகப்போகிறவை வெறும் மொட்டுகளாக இருக்கும். தாய் நண்டு குஞ்சு பொரிக்க ஏரியிலிருந்து கடலுக்குப் போகும். முகத்துவாரம் மணல் மூடித் தூர்ந்துபோனால் மீனவர்கள் பதறுவதில் இந்த நியாயமும் அடங்கியிருக்கிறது.

நண்டானாலும் இறாலானாலும் கருவைச் சோதிக்கும் முறை ஒன்றுதான். மெல்லிய ஊசியால் முட்டையின் ஓட்டைக் கிழித்துக் கருவை வெளியே எடுக்க வேண்டும். ஃபார்மால்டிஹைடில் சிறிது நேரம் வைத்தால் புரதங்கள் இருந்த இடத்திலேயே உறைந்து நிற்கும். அளவு கூடினால் எதிர்ப்பொருள் பற்ற வேண்டிய இடமே மறைந்துபோகும். குறைந்தால் கரு கரைந்துபோகும். அடுத்து, சோப்புபோன்ற ஒரு திரவத்தால் செல்சவ்வில் நுண்துளைகள் இடுவார்கள். பிறகு பாலில் உள்ளது போன்ற பொதுவான புரதம் ஒன்றை ஊற்றி, வெறுமனே பிசுபிசுக்கும் இடங்களை நிரப்பிவிடுவார்கள். அதன்பின்தான் எலியின் எதிர்ப்பொருள். நான்கு டிகிரிக் குளிரில் இரவு முழுதும் ஊற வேண்டும். காலையில் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். ஒட்டாத எதிர்ப்பொருளெல்லாம் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆகவே இரண்டாவதாக ஓர் எதிர்ப்பொருள்: எலியின் எதிர்ப்பொருளையே பற்றும்படி ஆட்டின் உடலில் உருவானது. அதன் முதுகில் ஒரு நொதி ஏற்றப்பட்டிருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடோடு ஒரு நிறமற்ற வேதிப்பொருளைச் சேர்த்தால், நொதி இருக்கும் இடத்தில் மட்டும் பழுப்பு நிறம் படியும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல் முழுதும் நிறம் பரவியிருக்காது. நடுவிலுள்ள உட்கரு மட்டும் சிறு பொட்டாகக் கறுத்திருக்கும். டி.என்.ஏ. இருப்பது அங்கேதானே. மரபணுவை ஆளும் புரதம் என்றால் நிறமும் உட்கருவில்தான் விழ வேண்டும். வேறிடத்தில் விழுந்தால் சந்தேகப்பட வேண்டும்.

கிரேக்கரான மிகாலிஸ் அவெரோஃபும் அமெரிக்காவைச் சேர்ந்த இந்திய வம்சாவளியினரான நிப்பம் பட்டேலும் இந்த எஃப்பி 6.87ஐ ஆர்டீமியாவிலிருந்து கல் இறால் இனம்வரை பல வகைக் கருக்களில் இட்டுப் பார்த்தார்கள். 1997இல் நேச்சர் இதழில் வந்த அவர்களுடைய கட்டுரை இன்றும் படிக்கத்தக்கது. ஆர்டீமியாவில் மார்பு முழுதும் நிறம். தாடைக்கால் உள்ள விலங்குகளிலோ, நடைக்கால்கள் தொடங்கும் இடத்திலிருந்துதான் நிறம் தொடங்கியது. முன்னே தாடைக்கால் ஆகிவிட்ட கண்டங்களில் நிறம் இல்லை. ஒரு ஜோடித் தாடைக்கால் உள்ளதில் எல்லை ஒரு கண்டம் பின்னே, கூடுதலாக உள்ளதில் எல்லை மேலும் பின்னே. அந்தப் புரதங்கள் பின்வாங்கிய இடத்தில் கால் வாய்க்குச் சேவகம் செய்யத் தொடங்கிவிட்டது. விலங்கின் உடலமைப்பு புதிய மரபணு பிறந்துதான் மாற வேண்டும் என்பதில்லை. பழைய மரபணு வேலை செய்யும் எல்லை நகர்ந்தாலே போதும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அன்றைக்கு இல்லை.

நிப்பம் பட்டேல் இதற்கு முன்பே, 1989இல், 4டி9 என்ற வேறோர் எதிர்ப்பொருளை வெளியிட்டிருந்தார். அது எங்ரெயில்டு என்ற புரதத்தைப் பற்றி, ஒவ்வொரு கண்டத்தின் பின்விளிம்பிலும் வரிவரியாக நிறம் காட்டும். கண்டங்களை எண்ணுவதற்கே அது ஓர் அளவுகோல். 2018இல் அவர் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தின் இயக்குநரானார்.

ஒரு புரதம் இருக்கும் இடத்தைக் காட்டுவதும், அந்தப் புரதம்தான் காரணம் என்று நிறுவுவதும் வேறு வேறு. நிறம் இல்லாத இடத்தில் தாடைக்கால் இருக்கிறது என்றால், இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று மட்டுமே சொல்லலாம். அந்த இடைவெளியை நிரப்பப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. பர்ஹயாலே என்ற சிறு ஓட்டுயிரிக்கு ஒரே ஒரு ஜோடித் தாடைக்கால் உண்டு. 2009இல் அதன் கருவில் அல்ட்ராபைதோராக்ஸைக் குறைத்தபோது, நடைக்கால்கள் தாடைக்கால் சாயலுக்கு மாறின. இருக்கக்கூடாத முன்கண்டத்தில் அதைச் செயல்பட வைத்தபோது, தாடைக்கால் நடைக்காலாக மாறியது. எதிர்ப்பொருள் காட்டிய எல்லை வெறும் தற்செயல் இல்லை என்பது அப்போதுதான் உறுதியானது.

இன்னொரு கேள்வியும் வரும். மரபணு வேலை செய்கிறதா என்று பார்க்க, புரதத்துக்கு முன் அதிலிருந்து படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.யைத் தேடினால் போதாதா, புரதத்தை ஏன் துரத்த வேண்டும்? மரத்தடி ஈரத்தில் கல்லைப் புரட்டினால் ஓடும் மரப்பேன் இதற்குப் பதில் சொல்கிறது. அதுவும் ஓட்டுயிரி இனம். அதன் கருவில் முதல் மார்புக்கால் சாதாரணக் காலாகவே முளைத்து, பிறகு தாடைக்காலாக மாறும். 1999இல் அப்ஷானோவும் காஃப்மனும் எஸ்.சி.ஆர். என்ற மற்றொரு ஹாக்ஸ் மரபணுவை அதில் பார்த்தார்கள். அந்தக் காலில் ஆர்.என்.ஏ. தொடக்கத்திலேயே இருந்தது; ஆனால் புரதம் இல்லை. கால் தாடைக்காலாக மாறத் தொடங்கிய வேளையில்தான் புரதம் சேர்ந்தது. ஆர்.என்.ஏ.யை மட்டும் பார்த்திருந்தால் கதை தவறாகவே எழுதப்பட்டிருக்கும். எதிர்ப்பொருளுக்கு இருக்கும் மதிப்பு எனக்கு முழுதாக விளங்கியது இந்த ஆய்வைப் படித்தபோதுதான்.

ஆனால் எதிர்ப்பொருள் பொய்யும் சொல்லும். தான் தேடும் புரதம்போன்ற இன்னொன்றின் மீது ஒட்டிக்கொண்டாலும் நிறம் அதே நிறந்தான். பலகுல எதிர்ப்பொருளில் ஒரு முயலின் சரக்கு தீர்ந்தால் அடுத்த முயலின் சரக்கு வேறு. ஒரே பெயரில் ஒரே புட்டியில் வந்தாலும் முடிவு மாறும். 2015இல் ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆண்ட்ரியாஸ் ப்ளூக்துனும் நூற்றுப்பத்துப் பேரின் ஒப்பத்தோடு நேச்சரில் எழுதினார்கள்: ஆய்வு எதிர்ப்பொருள்களை அவற்றின் மரபணு வரிசை தெரிந்தே தயாரிக்க வேண்டும், பணமும் உழைப்பும் வீணாவதை நிறுத்த வேண்டும் என்று. எதிர்ப்பொருளை நம்பித் தொடங்கும் எந்த ஆய்வுக்கும் இது பொருந்தும்.

நல்ல ஆய்வகம் இத்தகைய பொய்யைத் தவிர்க்கச் சில சோதனைகளைச் செய்யாமல் நகராது. முதல் எதிர்ப்பொருளை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் இட்டு, நிறம் விழுகிறதா என்று ஒரு கருவில் பார்ப்பார்கள். விழுந்தால் அது வெற்று நிறம். புரதங்களையெல்லாம் அளவு வாரியாகப் பிரித்து, சரியான அளவில் ஒரே பட்டைதான் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ஈ என்றால் அந்த மரபணுவே இல்லாத ஈயில் நிறம் மறைகிறதா என்று பார்க்கலாம். நண்டில் அதற்கு வழி சுலபமில்லை. ஆகவே அதே மரபணுவின் ஆர்.என்.ஏ. இருக்கும் இடத்தோடு ஒப்பிடுவார்கள். புட்டியையும் கவனமாக வைத்திருக்க வேண்டும். திரும்பத் திரும்ப உறையவைத்து உருக்கினால் எதிர்ப்பொருள் கெட்டுவிடும். வந்த அன்றே சிறு சிறு குழாய்களில் பிரித்து வைத்துவிடுவது நல்லது. மின்சாரம் அடிக்கடி போகும் ஊரில் இது பெரிய விஷயம்.

இந்த எதிர்ப்பொருள்கள் கைக்கெட்டாதவையும் அல்ல. அமெரிக்க அரசின் உதவியில் 1986இல் தொடங்கிய எதிர்ப்பொருள் வங்கி ஒன்று ஐயோவா பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. லாப நோக்கமில்லாத அமைப்பு. 4டி9 போன்ற பழைய செல்வழிகளை அது உயிரோடு காத்து, உலகெங்கும் ஆய்வாளர்களுக்குக் கொடுத்துவருகிறது.

பழவேற்காட்டுக்குப் பக்கத்திலேயே பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்தின் களநிலையம் இருக்கிறது. சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி மீன்வளர்ப்பு மையத்தின் சேற்று நண்டுப் பொரிப்பகம் இருக்கிறது. பொரிப்பகத்தில் ஒரு கொத்து முட்டைகளில் பத்தே பத்தைத் தானமாகக் கேட்டால் போதும். இந்த ஏரியின் நண்டு தன் காலையும் கொடுக்கையும் எங்கே தொடங்குகிறது என்று ஒரு முதுகலை மாணவரே பார்த்துவிடலாம். அப்படி ஒருவர் எதிர்ப்பொருள் வாங்க நினைத்தால், விற்பவரிடம் மூன்றைக் கேட்டு எழுத்தில் பெறட்டும்: இது எந்த விலங்கின் எந்தப் புரதத்துக்காக உருவானது, அந்தப் புரதத்தின் எந்தப் பகுதியைப் பற்றுகிறது, அந்தப் பகுதி நம் நண்டின் புரதத்திலும் மாறாமல் இருக்கிறதா. மூன்றாவதற்கு விற்பவரிடம் பதில் இல்லையென்றால் நண்டின் மரபணு வரிசையை எடுத்துத் தாமே ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டட்டும்.